போலிம் அண்ணனும் காலி வாளிகளும்

சப்ரகமுவ மாகாணத்தில் போலிம் அண்ணன் நிற்காத வரிசை ஒன்று உண்டென்று யாராவது நிரூபித்தால், என்னுடைய நெட்வொர்க்கிங் டிப்ளோமாவை அவருக்கே கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன். வாங்கி அவர் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். அதை நானே இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சிங்களத்தில் வரிசைக்கு ‘போலிம’ என்று பெயர். எங்கள் பக்கத்துத் தோட்டத் தமிழ் அதைப் பிடித்து வாலை நறுக்கிப் ‘போலிம்’ ஆக்கிக்கொண்டது. அண்ணனுக்கு அவருடைய அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று கல்லூரி வருகைப் பதிவேட்டில் இருந்தது. இரண்டாவது மாதமே பாடம் எடுக்கிறவர்கள் அதைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கே நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றாலும் ஐந்தாவதாக அண்ணன் போய் நின்றுவிடுவார். எதற்கான வரிசை என்று பத்து நிமிடம் கழித்துத்தான் விசாரிப்பார். சில நாட்களில் விசாரிக்கவே மாட்டார். ஒருநாள் இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றவர், முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அறைக்கு வந்தார். இரத்த தானமாம். இன்னொரு நாள் இரண்டு மாங்கன்றுகளோடு வந்தார். எங்கள் போர்டிங் மூன்றாம் மாடியில் இருந்தது. அவற்றை எங்கே நடுவது என்று வரிசையில் யாரும் சொல்லித்தரவில்லை. ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவருடைய சாவுக்குப் போய், வரிசையில் நகர்ந்து, கும்பிட்டு, இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, “நல்ல மனுசனாம்” என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தார்.

ஊரே பெற்றோலுக்கு நின்ற காலத்தில் அண்ணனும் நின்றார். அவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. மணிக்கணக்கில் நின்று, ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் யாராவது மூச்சு வாங்க ஓடிவந்து நிற்பார்கள். அவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டுத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, வாலில் போய் நின்றுகொள்வார். பெற்றோல் வரிசையிலும் அப்படித்தான் ஒரு திரீவீல்காரருக்கு இடத்தைக் கொடுத்தார். அவர் அண்ணனுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து, நன்றி சொல்வதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நானும் அப்படி நினைத்தவன்தான். டிப்ளோமாவுக்குப் பெயர் பதிந்த நாளில் நான் வழக்கம்போலத் தாமதம். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி இரத்தினபுரி வந்து சேர்ந்தபோது, அந்தத் தனியார் கல்லூரி வாசலில் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. முன்னாலிருந்து இரண்டாவது ஆள் என்னைப் பார்த்து, “தம்பி, வா, இங்க நில்லு” என்றார். சந்தேகத்தோடு போய் நின்றேன். அவர் இறங்கிப் பின்னால் போனார். எனக்குப் படிவம் கிடைத்தது. அவர் முறை வந்தபோது அச்சடித்த படிவங்கள் தீர்ந்து, வெள்ளைத் தாளில் கோடு கிழித்து எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆள் லூசு, ஆனால் எனக்கு வசதியான லூசு என்று தீர்மானித்து, அன்றைக்கே அவரோடு ஒரே அறையில் போர்டிங் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அது.

அண்ணன் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர். அங்கேயும் ஆக மேலே இருக்கிற பிரிவு, மேல் டிவிசன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். ஆனால் பாடத்தில் இரண்டு பேருக்கும் சரிசமமான இருட்டு.

அந்த இருட்டில் நான் புராஜெக்ட் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவதிலும் விட்டால் வெளியே போகவேண்டும், அதுதான் சட்டம். இதற்கிடையில் கொழும்பில் ஒரு கம்பனி, மாதக் கடைசிக்குள் சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. என் அப்பாவோ மகன் இன்டர்நெட்டுக்கே லைன் இழுக்கிறான் என்று எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் லீவில் வீட்டுக்குப் போனால் பழுதான டிவியும் அயன் பொக்ஸும் வாசலில் காத்திருக்கும். தோற்றுப்போய்த் திரும்பினால் அதையெல்லாம் உண்மையிலேயே பழுதுபார்க்க வேண்டிவரும்.

மூன்றாவது தடவைக்கு என்னோடு ஜோடி சேர்ந்தவர் போலிம் அண்ணன். அவருக்கு அது முதல் தடவை; முன் இரண்டு தடவையும் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கிற வரிசையில் தன் இடத்தை யாருக்கோ கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே மார்க்.

எங்கள் பாடத்து மிஸ் கொடுத்த வேலை இதுதான். நெட்வொர்க் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. வயரும் பெட்டியும் இல்லாமல் ஒரு நெட்வொர்க் எப்படி நடக்கும் என்று கணினிக்குள்ளேயே நடத்திப் பார்க்கிற சாமான். அதற்குக் கட்டளை வரிகளாக ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். ஒரு தோட்டத்தின் ஐந்து டிவிசன்களிலிருந்து கொழுந்து நிறைக் கணக்கு பெரிய ஆபீசுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரே ஒரு ஒடுக்கமான இணைப்பு வழியாக இரத்தினபுரிக்குப் போகிறது. தகவல் எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். இணைப்பு ஒடுக்கம் என்பதால் பாக்கெட்டுகள் அதன் வாசலில் வரிசையில் நிற்கும். எத்தனை பாக்கெட் நிற்கலாம், இடம் நிறைந்தால் யாரைத் தள்ளிவிடுவது, இதை ஸ்கிரிப்டில் ஒரு வரியில் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொடுத்த தாளில் வரம்பு பத்து. பத்து நின்றால் பதினொன்றாவது விழுந்துவிடும். இந்த அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று விளக்க வேண்டும்.

வரிசையைப் பற்றிய பாடம். ஜோடியோ போலிம் அண்ணன். பரீட்சை என் மடியில் வந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஸ்கிரிப்டை ஓடவிட்டால் திரையில் படமாகவும் பார்க்கலாம். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு நிறம். சின்னச் சின்னச் சதுரங்கள் ஓடிவந்து இணைப்பின் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். பதினொன்றாவது சதுரம் வந்ததும் பொத்தென்று திரையின் அடியில் விழுந்து மறைந்துவிடும். பார்க்க எனக்கு நன்றாகப் பொழுது போனது. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“விழுந்தது எங்க போகும்?”

“எங்கயும் போகாதுண்ணே. அவ்ளோதான்.”

“அவ்ளோதான்னா?”

“அவ்ளோதான்.”

அன்றைக்கு அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் எழுந்தபோது வரம்பைப் பத்திலிருந்து ஒரு லட்சமாக மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஓடவிட்டோம். உண்மைதான், ஒன்றுகூட விழவில்லை. சதுரங்கள் அடுக்கடுக்காக ஏறித் திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயின. நான் கீழே இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்து, கடைக்காரரோடு கிரிக்கெட் பேசிவிட்டு மேலே வந்தபோதும், நான் போகுமுன் வந்த மஞ்சள் சதுரம் அதே இடத்துப் பக்கத்தில்தான் நின்றது.

“யாரும் விழல, பாத்தியா?” என்றார் அண்ணன்.

“யாரும் போய்ச் சேரலயேண்ணே.”

“நிக்கிறதுக்கு எடம் கெடச்சிருச்சில்ல?”

போய்ச் சேராத கொழுந்துக் கணக்கை வைத்துக்கொண்டு இரத்தினபுரிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். யோசித்தார். யோசித்துவிட்டு அவர் கொண்டுவந்த அடுத்த திட்டம், உலகத்தில் எந்த நெட்வொர்க் எஞ்சினியருக்கும் தோன்றியிருக்காது. லயத்தில் பிறந்தவருக்கு மட்டுமே தோன்றும்.

லயத்தில் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் பீலி என்று பெயர். எங்கள் பக்கத்தில் காலையில் ஒரு மணி நேரம் ஒழுங்காக வரும். அதனால் முதல் நாள் சாயங்காலமே ஆளுக்கொரு வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிடுவார்கள். வாளி இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அடி ஓட்டையான வாளியோ, பழைய மாஜரின் டின்னோ, இடம் இடம்தான். ஜென்மப் பகையாளியின் வாளியைக்கூட யாரும் நகர்த்தமாட்டார்கள். காலையில் வந்து வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளலாம்.

அண்ணன் வரம்பைத் திரும்பவும் பத்தாக்கி, அதை அப்படியே ஸ்கிரிப்டில் எழுதினார். கொழுந்துக் கணக்கு கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத குட்டிப் பாக்கெட்டுகள் கிளம்பும். போய் வரிசையில் இடம் பிடித்துவைக்கும். மேல் டிவிசனுக்கு மட்டும் இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டதற்கு, “அது தூரம்” என்றார்.

எனக்கும் அது அபாரமான யோசனையாகத்தான் பட்டது. நான் ஏன் இரண்டு தடவை தோற்றேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஓடவிட்டோம். அந்த வரிசை தலையைத்தான் எண்ணும், உடம்பைப் பார்க்காது. பாக்கெட் யானையாக இருந்தாலும் எறும்பாக இருந்தாலும் கணக்கில் ஒன்று. பத்து எறும்பு வந்து நின்றால் யானைக்கு இடமில்லை. பீலியில் முறை வரும்போது வாளிக்காரி வந்து தண்ணீர் பிடிப்பாள். இங்கே முறை வந்ததும் வாளியே நேராக இரத்தினபுரிக்குப் புறப்பட்டுவிட்டது. காலி வாளிகள் அனைத்தும் ஒரு சேதாரமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. பின்னால் வந்த கொழுந்துக் கணக்கு கொத்துக் கொத்தாக விழுந்தது.

அப்போது பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. எனக்கு அப்பாவின் முகமும் லயத்து அயன் பொக்ஸ்களும் கண்முன் வந்தன. கத்திவிட்டேன்.

“அண்ணே, இது பீலி இல்ல. விழுறது விழட்டும். பத்துன்னு போட்டு மிஸ்ஸுக்குக் குடுப்போம். ஒங்களுக்கு மொதத் தரம், எனக்கு இதான் கடைசி.”

அண்ணன் பழைய ஸ்கிரிப்டைத் திறந்தார். வரம்பு பத்து. ஓடவிட்டு, திரையின் அடியில் விரலை வைத்தார்.

“விழுறது யாருன்னு பாரு.”

பார்த்தேன். பச்சை. மறுபடியும் பச்சை. சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா எல்லாம் வரிசையில் ஏறி நிற்க, விழுந்ததெல்லாம் பச்சை. ஒவ்வொரு சுற்றிலும் அதே. பச்சை, மேல் டிவிசன்.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஐந்தும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மேல் டிவிசனுக்கு வழி நீளம். அது வருவதற்குள் பத்து இடமும் நிறைந்துவிடும். பாடத்தில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் என்பதால் பெருமையாகச் சொன்னேன். “லேட்டா வருது, விழுதுண்ணே.”

“லேட்டாப் பொறப்படலயே, தம்பி” என்றார்.

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுத எனக்கு வராது. அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். டவுனில் ஒரு கிளினிக், ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு நாளைக்கு நாற்பது நம்பர். மேல் டிவிசனிலிருந்து முதல் பஸ் எட்டரைக்குத்தான் டவுனுக்கு வரும். நம்பர் ஏழரைக்கே முடிந்துவிடும். அம்மா இருட்டோடு எழுந்து, சேலை மாற்றி, அந்த முதல் பஸ்ஸில்தான் போனார். மாதத்துக்கு ஒருமுறைதான் கிளினிக்; மூன்று மாதமும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. நம்பர் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள், அவ்வளவுதான். நாலாவது தடவை அண்ணன் முதல் நாளே டவுனுக்கு வந்து தங்கி, விடியும் முன் வரிசையில் நின்று, அம்மா பஸ்ஸில் வந்து இறங்கியதும் தன் நம்பரைக் கொடுத்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் கேட்டாராம். அதற்குள் ஒரு கண் போயிருந்தது. மற்றக் கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அடுத்த மாதமும் கிளினிக் நாளன்று அண்ணன் போய் நின்றார். அம்மாவுக்கு அப்போது நம்பர் தேவையில்லை. எட்டரை பஸ்ஸில் வருகிற யாருக்காவது தேவைப்படும் என்று நின்றார். தேவைப்பட்டது.

“சரிண்ணே, கிளினிக் சரி. அந்தச் சாவு வீட்டுல எதுக்கு நின்னீங்க?”

“எந்த வரிசையா இருந்தா என்னா. லேட்டா வாறவன் எல்லா வரிசையிலயும் இருப்பான்.”

நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்தேன். சீனி இல்லை. இல்லாமலே இரண்டு பேரும் குடித்தோம்.

மறுநாள் நடந்ததில் என் புத்திசாலித்தனம் ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் பார்த்து எழுதுவது. ஒரு சீனியரிடம் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை வாங்கி, இணைப்பு அமைக்கிற வரியை அர்த்தம் தெரியாமல் அப்படியே தூக்கி எங்களுடையதில் ஒட்டினேன். அதில் வரிசையின் வகை வேறாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. ஓடவிட்டதும்தான் தெரிந்தது. ஐந்து டிவிசனுக்கும் தனித்தனியாக ஐந்து குட்டி வரிசை. இணைப்பு ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தது. சிவப்பில் ஒன்று விழுந்தது. ஊதாவில் ஒன்று. பச்சையிலும் ஒன்று விழுந்தது. ஆனால் பச்சை போய்ச் சேர்ந்தது.

அண்ணன் அதை ஏழு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் விழுது.”

“ஒண்ணும் விழாம இருந்தாத்தானேண்ணே நல்லது?”

“ரோடு சின்னதுன்னா விழத்தான் செய்யும். ஒருத்தனே விழுந்துக்கிட்டு இருக்கக்கூடாது.”

வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சை நாள் வந்தது. மிஸ் ஒரு நாளைக்குப் பத்து ஜோடிதான் பார்ப்பார், மிச்சப் பேர் அடுத்த பட்ச்சோடு வரவேண்டும் என்று கதவில் சிங்களத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அடுத்த பட்ச் என்று ஒன்று கிடையாது. ஆகவே அண்ணனைக் கோழி கூவுமுன் கிளப்பிக்கொண்டு போனேன். கதவுப் பக்கத்துப் பட்டியலில் பெயர் எழுதினோம், மூன்றாவது இடம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரிசையில் நிம்மதியாக நின்றேன்.

எட்டு மணிக்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வியர்த்து வழிய ஓடிவந்தார்கள். வழியில் பஸ் பழுதாம். அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, இன்னைக்கு வேணாம்ணே. ஒங்க கால்ல விழுறேன்.”

“அதுக பொம்பளப் புள்ளைக. திரும்பி எம்பிலிப்பிட்டிய போகணும், தம்பி.”

வாலில் போய் நின்றோம். ஜோடிக்கு ஒரே மார்க் என்பதால் அவர் போகிற இடத்துக்கு நானும் போகவேண்டும். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

மத்தியானம் மிஸ் கைப்பையோடு வெளியே வந்தார். முடிந்தது, மற்றவர்கள் அடுத்த பட்ச்சில் வாருங்கள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்து, காலையில் மூன்றாவதாக எழுதிய நீங்கள் ஏன் கடைசியில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். மிஸ் என் பக்கம் திரும்பினார். உங்கள் புராஜெக்ட்டில் வரிசை வரம்பு என்ன என்று கேட்டார். பத்து என்றேன். பதினொன்றாவது வந்தால்? விழுந்துவிடும் என்றேன். அது தெரிந்துமா பதினொன்றாவதாக வந்து நிற்கிறாய் என்று கேட்டார்.

இரண்டு தடவை தோற்றவனுக்குப் பயம் கொஞ்சம் குறைவு. அண்ணனைக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

“மிஸ், எங்க புராஜெக்ட்டோட கியூ செட்டிங் இவர்தான்.”

மிஸ் கைப்பையை நடைபாதையில் கிடந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். காட்டுங்கள் என்றார்.

அண்ணன் லப்டொப்பை மடியில் வைத்து எல்லாவற்றையும் காட்டினார். ஒரு லட்சத்தைக் காட்டினார். காலி வாளிகளைக் காட்டினார். மிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பச்சை மட்டும் விழுவதைக் காட்டியபோது சிரிக்கவில்லை. அண்ணன் எட்டரை பஸ்ஸைப் பற்றி மட்டும்தான் சொன்னார், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வகையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று மிஸ் கேட்டார். “தம்பி” என்றார் அண்ணன். உடனே மிஸ் என்னிடம் அதன் பெயரைக் கேட்டார். எனக்கு இன்றைக்கும் அது வாயில் நுழையாது.

பாஸ். மார்க்கைக் கேட்காதீர்கள். ஒன்று குறைந்திருந்தால் இந்தக் கட்டுரையை அயன் பொக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

நான் கொழும்புக்கு வந்துவிட்டேன். எந்த இணைப்புக்கு எவ்வளவு வரிசை என்று போடுவதுதான் இப்போதும் வேலை. அண்ணன் பலாங்கொடையில் ஒரு கொமினிகேஷன் கடை போட்டார். போட்டோகொப்பி, ரீலோட் எல்லாம் உண்டு. கடை எப்போதும் பூட்டியிருக்கிறது என்பதுதான் அங்கே எல்லோருடைய புகாரும்.

போன மாதம் ஒரு பத்திரத்துக்காகப் பலாங்கொடையில் ஓர் அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தது. கொழும்பிலிருந்து வந்தவன், வழக்கம்போலத் தாமதம். வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. ஐம்பது நம்பரோடு இன்றைக்குச் சரி என்று பியோன் சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது முன்னாலிருந்து ஒரு கை ஆடியது.

“தம்பி, வா, இங்க நில்லு.”

தலை கொஞ்சம் நரைத்திருந்தது. எனக்காகவா இடம் பிடித்தீர்கள் என்று கேட்டேன். நான் வருவது அவருக்கு எப்படித் தெரியும்? எட்டரை பஸ் இன்னும் வரவில்லை, யாராவது வருவார்கள் என்று நின்றாராம். இந்த வரிசை எதற்கு என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான் மறுப்பதற்குள் என்னை நிறுத்திவிட்டு, வாலைப் பார்த்து நடந்துவிட்டார்.

எனக்கு நாற்பத்தாறாம் நம்பர் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் மூச்சு வாங்க யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டு, ரோட்டோரமாக நடந்து, அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.